ஏஐ மனசை உணருமா? பாம்பன் பக்கம் சுற்றும் தகவல் தவறு

‘சத்தம், கூட்டம் தாங்காமல் கலங்குகிறவர்களுக்கு இருப்பது மனநோய், ஏஐ செயலி அவர்கள் மனசை உணர்ந்து குணமாக்கிவிடும்.’ பாம்பன், தங்கச்சிமடம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவலில் இரண்டு பாதியும் தவறு.

அது நோயல்ல, சுபாவம். அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன், கணவர் ஆர்தருடன் சேர்ந்து 1997-இல் 27 கேள்விகள் கொண்ட அளவுகோலோடு இதை விவரித்தார். மீன் ஏலக் கூச்சலில் தலைசுற்றி நிற்கிற பிள்ளை, ஆளில்லாத கரையில் தெளிவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஏஐ எதையும் உணர்ந்து பேசுவதாகச் சான்றில்லை. படித்த எழுத்துகளை வைத்து அடுத்த சொல்லைக் கணிக்கிறது. 1966-இல் வந்த எலிசா என்ற எளிய கணினி உரையாடல் நிரலிடமே ஆட்கள் மனம் திறந்தார்கள். (நாம் கிளி ஜோசியரிடம் திறக்கவில்லையா?) பேச்சு இதமாக இருக்கலாம், வைத்தியம் ஆகாது. தூக்கம் கெடுமளவு கலக்கமென்றால் அரசின் மனநல உதவி எண் இருக்கிறது: டெலி மானஸ் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.