உருது எந்த மண்ணின் மொழி?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகப் பொறுத்திருந்தேன். காணொளி இதற்குள் உங்களில் பாதிப் பேருக்கு வந்து சேர்ந்திருக்கும். "உருது படையெடுத்து வந்தவனோட பாளைய பாஷை, அதுல என்ன இருக்கு, சாராயமும் சல்லாபமும்தானே" என்று மேடையில் பேசியவர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. அவர் பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் இன்னும் காதில் நிற்கிறது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உறுத்துவதால்தான் இந்தப் பதிவு.

உருது வெளியிலிருந்து வந்த மொழி இல்லை. எழுத்தும் ஏராளமான சொற்களும் பாரசீகத்தின் வழியாக வந்தவை, சரி. ஆனால் வா, போ, சாப்பிடு, தூங்கு என்பதற்கெல்லாம் அதில் இருப்பது டெல்லி வட்டாரத்து மக்கள் பேசிய சொல். 'உருது' என்ற துருக்கிச் சொல்லுக்குப் பாளையம், அதாவது படை முகாம், என்று பொருள் உண்டுதான், ஆனால் அந்தப் பெயர் மொழிக்கு ஒட்டிக்கொண்டது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதற்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே அந்த மொழியில் காவியம் எழுதியிருக்கிறார்கள். அதுவும் டெல்லியில் இல்லை, தெக்கணத்தில்!

15ஆம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்கள் ஆண்ட பீதரில் நிஜாமி என்ற கவிஞர் 'கதம் ராவ் பதம் ராவ்' எழுதினார். பெயரைப் பாருங்கள், இதுவா படையெடுத்து வந்தவன் கதை? பீஜப்பூர் சுல்தான் இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா தக்னியில், அதாவது தெக்கணத்து உருதுவில், எழுதிய பாட்டு நூல் சரஸ்வதியை வணங்கித் தொடங்குகிறது. 1580 முதல் 1612 வரை கோல்கொண்டாவை ஆண்ட முகமது குலி குதுப் ஷா வசந்த விழாவையும் மழைக்காலத்தையும் பாடினார். 1700 வாக்கில் வலி தக்னி என்ற கவிஞர் டெல்லிக்குப் போனபோது அங்கே மதிப்பெல்லாம் பாரசீகக் கவிதைக்குத்தான். வலியின் கஜல்களைக் கேட்ட பிறகுதான் நம் பேச்சிலேயே கவிதை எழுதலாம் என்ற தைரியம் டெல்லிக் கவிஞர்களுக்கு வந்தது. உருதுவின் பெருங்கவிஞர்களான மீரும் காலிப்பும் அதற்கு அப்புறம் வந்தவர்கள்.

சல்லாபம் என்கிறார். மீர் சிறுவயதிலிருந்து பார்த்தது டெல்லி திரும்பத் திரும்பச் சூறையாடப்பட்டதை. அறுபது வயதுக்கு அருகில் பிழைப்புக்காக லக்னோ போனவர். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு காலிப் எழுதிய கடிதங்களில் இருப்பது செத்துப்போன நண்பர்களின் கணக்கு.

"முஸ்லிம் மொழிதானே" என்று இங்கேயும் வந்து எழுதுவீர்கள். இந்தி எழுத்தாளர் என்று நாம் அறிந்த பிரேம்சந்த் முதலில் எழுதியது உருதுவில். 1969ஆம் ஆண்டின் ஞானபீடம் பெற்ற உருதுக் கவிஞர் ஃபிராக் கோரக்பூரியின் இயற்பெயர் ரகுபதி சகாய். மதத்துக்கு ஒரு மொழி என்றால் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

"அதே உருதுவைத்தானே வங்காளிகள் மேல் திணித்தார்கள்" என்றால், ஆமாம், திணித்தார்கள். 1952இல் டாக்காவில் மாணவர்களைச் சுட்டார்கள். மன்னிக்க முடியாத குற்றம், பாகிஸ்தான் அரசாங்கம் செய்த குற்றம். அதற்குக் கவிதையை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

"உனக்கு உருது படிக்கத் தெரியுமா?" தெரியாது. மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஆனால் வேலூரில் உருதுவைக் கேட்டே வளர்ந்தேன். 18ஆம் நூற்றாண்டில் தக்னியில் எழுதிய பாகிர் ஆகாவும் வேலூர்க்காரர்தான். பக்கத்து வீட்டு நானி 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்பார், அது மராத்தியிலிருந்து தக்னிக்கு வந்த சொல் என்று பிற்பாடுதான் தெரிந்தது. வானொலியில் கஜல் வந்தால் அடுப்பைத் தணித்துவிட்டு, பச்சை அட்டை நோட்டில் வலமிருந்து இடமாக வேகவேகமாக எழுதுவார். காதில் விழாத வார்த்தைக்கு இடம் விட்டு வைப்பார். அதே பாட்டு மறுபடி ஒலிபரப்பாகும்போது, சில சமயம் மாதக்கணக்கில் கழித்து, அந்த இடத்தை நிரப்புவார். "சாராயமும் சல்லாபமும்" என்று மேடையில் அந்த ஆள் சொன்னபோது எனக்கு நினைவு வந்தது அந்த நோட்டுதான்.

நானி போய் ஆறு வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர் பேரன் அந்த நோட்டை எடுத்துவந்து, "அண்ணா, இதுல என்ன எழுதியிருக்குன்னு எங்க வீட்ல யாருக்கும் படிக்கத் தெரியல, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். புரட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் நானி விட்டுவைத்த இடங்கள் அப்படியே காலியாக இருந்தன.