ஃப்ளை ராடில் உள்ள எண் மீனின் எடை அல்ல

சிறு ஏரிகளில் டிரவுட் மீன் பிடிக்க ஃப்ளை ராட் (பூச்சி போன்ற செயற்கை இரையை வீசும் தூண்டில் கோல்) தேடுபவர்களிடம், ‘5 வெயிட் ராட் 5 பவுண்டு மீன் வரைதான் தாங்கும், பெரிய மீனுக்கு 8 வாங்குங்கள்’ என்று இங்கே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த எண் மீனின் எடை அல்ல. ராடுக்குப் பொருந்தும் லைனின் (தூண்டில் நூலின்) எடையைக் குறிப்பது.

ஃப்ளைக்கு, அதாவது அந்தச் செயற்கை இரைக்கு, எடையே இல்லை என்று சொல்லலாம். அதை நீரில் கொண்டு சேர்ப்பது லைனின் கனம்தான், அதனால்தான் இந்தக் கணக்கு. அமெரிக்க அளவுமுறைப்படி 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். 8-ஆம் எண்ணுக்கு 210 கிரெய்ன். அமைதியான சிறு ஏரியில் அவ்வளவு கனம் தொப்பென்று விழுந்தால் டிரவுட் மிரண்டு ஓடிவிடும்.

நீங்களே சரிபார்க்கலாம். லைன் நுனியில் ஒரே பருமனாக வரும் சிறு பகுதியை விட்டு 30 அடி அளந்து, நகை நிறுக்கும் சின்னத் தராசில் வையுங்கள். இப்போதைய லைன்கள் சில வேண்டுமென்றே கொஞ்சம் கனமாகச் செய்யப்படுகின்றன, அதனால் சற்று கூடுதலாகக் காட்டலாம். சரி, மீனின் இழுப்பைத் தாங்குவது? அது டிப்பெட்டைப் (லைனுக்கும் ஃப்ளைக்கும் இடையே, ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நூல்) பொறுத்தது. அதன் பவுண்டு அளவு டிப்பெட் சுருளிலேயே தனியாக அச்சிட்டிருக்கும்.