ஏரி இருந்தும் லாரித் தண்ணீர்

சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இன்னும் கூடுதலாக வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வானம் கொடுப்பதை முதலில் பிடித்து வைப்போமே! ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தவித்தோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவேண்டியிருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்.

எங்கள் பகுதி ஏரியை வந்து பாருங்கள். வரத்துக் கால்வாயின் வாயை அடைத்துக் கட்டடக் கழிவு, கரையெல்லாம் சீமைக்கருவேலம். ஏரிக்குப் போக வழியில்லாத மழைத்தண்ணீர் தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது. அப்புறம் சித்திரை பிறந்தால் அதே தெருவில் லாரிக்காகக் குடங்கள் வரிசைகட்டுகின்றன. அடுத்த மழைக்குள் அந்தக் கால்வாயை மட்டுமாவது தூர்வாரிக் கொடுங்கள்.