டைசனை 58 வயதில் வைத்து அளக்காதீர்கள்

அந்தப் பதிவை நேற்றே பார்த்திருப்பீர்கள். யூடியூபில் பேர் வாங்கிக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலுடன் மோதியபோது பழைய உலகச் சாம்பியன் மைக் டைசன் கிளவுஸைக் கடித்துக்கொண்டு நிற்கும் படம், மேலே "இவரையா இத்தனை வருஷம் தலையில் தூக்கிவைத்து ஆடினீர்கள்" என்று ஒரு வரி. என் நண்பர்கள் பட்டியலில் பாதிப் பேர் சிரிப்புக் குறி போட்டிருக்கிறீர்கள். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனதால் இங்கே.

டைசனை எடைபோட வேண்டுமென்றால் 1986 முதல் 1988 வரை எடுத்துப் பாருங்கள். 1986 நவம்பரில் டிரெவர் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து உலக ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 20. அதைவிடச் சின்ன வயதில் இன்றுவரை யாரும் அந்தப் பட்டத்தை வாங்கவில்லை. அடுத்த வருஷமே மூன்று பெரிய அமைப்புகளின் பட்ட பெல்ட்டும் அவரிடம்.

"அடித்ததெல்லாம் வயசானவர்களைத்தானே?" 1988-இல் டைசனோடு மோதியபோது முன்னாள் சாம்பியன் லாரி ஹோம்ஸுக்கு 38, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 75 சண்டை போட்ட அந்த மனிதரை முழு ரவுண்டும் ஆடவிடாமல் வீழ்த்தியவர் டைசன் ஒருவர்தான். மைக்கேல் ஸ்பிங்க்ஸ் என்ன கிழவரா? 31 சண்டை, 31 வெற்றி, அதே ஹோம்ஸை இரண்டு முறை ஜெயித்தவர். டைசன் முன்னால் 91 விநாடிதான் நின்றார்.

அந்த 91 விநாடி எனக்கு மனப்பாடம். மாமா எங்கிருந்தோ கொண்டுவந்த வீடியோ கேசட்டில் அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றிப் போட்டு, அங்கே மட்டும் திரையில் வெள்ளைக் கோடு ஓட ஆரம்பித்துவிட்டது. வியாசர்பாடியில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கம்பத்துக்கு நடுவே தோள் உயரத்தில் கயிறு கட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அதற்கு அடியில் குனிந்து குனிந்தே எங்களை நடக்க வைப்பார். நான் ஐந்தடி மூன்று அங்குலம். "வெளியே நின்னா நெட்டையன் கை எட்டும்டா, குனிஞ்சு உள்ளே போ" என்பார். டைசனும் ஹெவிவெயிட்டில் குள்ளம்தான், ஐந்தடி பத்து. இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டிவைத்து, தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே புகும் அந்த முறையை அவருடைய குரு, பயிற்சியாளர் கஸ் டமாட்டோ அவருக்குக் கற்றுக்கொடுத்தார். எங்களைப் போன்ற பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கயிற்றுக்கு அடியில் போகாதவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

1990-இல் பஸ்டர் டக்ளஸிடம் டோக்கியோவில் தோற்றதை உடனே கொண்டுவருவீர்கள். தோற்றார்தான். டமாட்டோ 1985-லேயே இறந்துவிட்டார், அவர் வளர்த்த பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988-இல் டைசனே விலக்கினார், அதன்பிறகு அந்தத் தலை அசைவு குறைந்துகொண்டே போனது. ஹோலிஃபீல்டிடமும் லூயிஸிடமும் தோற்றது பற்றி வாதாட வரவில்லை. ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தது அசிங்கம். 1992-இல் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காகச் சிறை போனதற்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை, அதற்காக அவரை வெறுப்பவர்களிடம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஆனால் நீங்கள் சிரித்தது அதற்காக இல்லையே. 58 வயதில், அதே வருஷம் எட்டு முறை ரத்தம் ஏற்றிக்கொண்டு பிழைத்துவந்த ஒருவர், 27 வயதுப் பையன் முன்னால் கால் தள்ளாடி நின்றதற்காகச் சிரிக்கிறீர்கள். காசுக்காகத்தானே ஏறினார் என்கிறீர்கள். இருக்கட்டுமே, எட்டு ரவுண்டும் நின்றாரா இல்லையா?

அந்தச் சனிக்கிழமை காலை மாமாவோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது ரவுண்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். நேற்றைய பதிவை அவரும் பார்த்திருக்கிறார், யார் யார் சிரித்தார்கள் என்பதையும்தான். அதில் இரண்டு பேர் அவர் கட்டிய கயிற்றுக்கு அடியில் நடந்து பழகியவர்கள். அவர் உங்களைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, போனை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மாமா சாயங்காலம் வீட்டில்தான் இருக்கிறார், வாருங்கள்.