முதல் பாட்டிலேயே உறுமியா?

என் அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் நடத்தும் ராக் குழுவின் முதல் பாட்டு போன வாரம் வெளிவந்தது. மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த், பிறை பக்கத்துப் பிள்ளைகள். மேடையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திருகிவிட்டுக் காது அடைக்க வாசிக்கிற குழு. ஆனால் இந்தப் பாட்டைப் போட்டால் முதல் மூன்று நிமிடத்துக்குக் கிட்டாரே கிடையாது. உறுமி, பேஸ், டிரம்ஸ், குரல். கிட்டார் கடைசியில்தான் எட்டிப் பார்க்கிறது, அதுவும் டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பு இல்லாமல்.

வந்த கருத்துகளைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. "ராக் என்று சொல்லிவிட்டுச் சாவு மேளம் அடிக்கிறார்கள்" என்று ஒருவர். "படித்த பிள்ளைகளுக்கு இது தேவையா?" என்று இன்னொருவர்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி போகும்போது நமக்கு உறுமி வேண்டும். அந்தச் சத்தம் பக்கத்தில் வந்தால்தான் அருள் வரும், கால் நகரும். மறுநாள் அதே மேளத்தை ஒரு பையன் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் போனால் ரௌடிக் கூட்டம் என்று முகம் சுளிக்கிறோம். இந்த அநியாயத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உறுமியைக் கிட்ட நின்று கவனித்திருக்கிறீர்களா? இடுப்பு ஒடுங்கிய, இரண்டு முகமுள்ள மேளம். ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். தோல் உறுமும், பேரே அதிலிருந்து வந்ததுதான். சரி, கிட்டார்காரர் பெடலை மிதித்து என்ன செய்கிறார்? ஒலி அலையின் உச்சியை நறுக்கிக் கரகரக்க வைக்கிறார். அந்தக் கரகரப்பு நம் தோல் வாத்தியத்தில் மின்சாரம் வருவதற்கு முன்பே இருந்தது. கிட்டாரின் வேலையை உறுமியிடம் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். என் காதுக்கு இது முழுக்க முழுக்க ராக்.

ஒலிப்பதிவு நடந்த ஒருநாள் நானும் போயிருந்தேன். பிறையில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் ஜாமிங் ஸ்டூடியோ. உறுமி வாசித்த தம்பி நிபோங் திபால் பையன், பத்தொன்பது வயது. ஹெட்போனை மாட்டி, ஒரே சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமைக் கேட்டுக்கொண்டே வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு தடவை தடுமாறினான். பிறகு ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, "அண்ணே, நான் வாசிக்கிறேன், நீங்க என் பின்னால வாங்க" என்றான். டிரம்ஸ் வாசிக்கிறவன் அவன் மணிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாட்டு முடியும்போது வேகம் கொஞ்சம் ஏறியிருந்தது, காவடி ஊர்வலத்தில் ஏறுமே, அந்த மாதிரி. அதைக் கணினியில் சரிசெய்யாமல் அப்படியே விட்டதற்காகவே இவர்களைக் கட்டிப்பிடிக்கலாம்.

பெரிய குழுக்கள்கூட முதல் பாட்டில் தங்களைக் காட்டாமல் போனதுண்டு. 1970 ஜனவரியில் வந்த, பிளாக் சபாத் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் முதல் தனிப்பாட்டு வேறோர் அமெரிக்கக் குழுவின் பாட்டு. அவர்கள் யார் என்பது அடுத்த மாதம் 13ஆம் தேதி ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது. மழைச் சத்தமும் தேவாலய மணியுமாகத் தொடங்கும் ஆல்பம் அது. இந்தப் பிள்ளைகள் முதல் நாளே தாங்கள் யார் என்று சொல்லிவிட்டார்கள்.

நம் பினாங்கின் அலிகேட்ஸ் இசைக்குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். லோகநாதன், டேவிட் என்ற ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுக்கப் பெயர் எடுத்தார்கள். லோகநாதன் 2007இல் போய்விட்டார், இன்றும் அவர் குரல் கேட்டால் நாம் நின்று கேட்கிறோம். அவர்கள் மலாய்க்குப் போனதைப் பெருமையாகச் சொல்கிற நாம், இவர்கள் உறுமிக்கு வந்ததை ஏன் கேவலமாகப் பார்க்கிறோம்?

குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது சரணத்தில் பேஸ் குரலை விழுங்கிவிடுகிறது, கைப்பேசியில் கேட்டால் வார்த்தை புரியவில்லை.

அப்புறம், இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. பாட்டுக்குக் கீழே குழுவினர் என்று நான்கு பெயர் போட்டிருந்தார்கள். உறுமித் தம்பியின் பெயர் நன்றி சொல்லும் பட்டியலில், கடைசி வரியில் கிடந்தது. பாட்டைத் தொடங்கி வைப்பதே அவன் கை. அக்கா மகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாத்திடுறோம் சித்தி" என்றான்.

இன்று காலை பார்த்தேன். ஐந்து பெயர் இருக்கிறது. உறுமி முதலில்.