ரோஜர் மாரிஸின் 61 ஹோம் ரன்களுக்கு நட்சத்திரக் குறி இடப்பட்டதா?

அமெரிக்காவின் இரு பெரும் பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் 1961ஆம் ஆண்டு பருவத்தில் நியூயார்க் யாங்கீஸ் வீரர் ரோஜர் மாரிஸ் அடித்த 61 ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடித்து ஓட்டம் பெறும் அடிகள்), முழுச் சாதனை அல்ல என்று உணர்த்தும் நட்சத்திரக் குறியுடன் (*) சாதனைப் பதிவேட்டில் இடம்பெற்றன என்று ஒரு தகவல் பகிரப்பட்டு வருகிறது. இது தவறு.

அவ்வாண்டு அணிகளின் எண்ணிக்கை 8இலிருந்து 10ஆக உயர்ந்ததால், ஒவ்வோர் அணிக்குமான ஆட்டங்கள் 154இலிருந்து 162ஆகின. 1927இல் யாங்கீஸ் வீரர் பேப் ரூத் அடித்த 60 ஹோம் ரன்கள் என்ற சாதனையை ஒருவர் 154 ஆட்டங்களுக்குள் தாண்டாமல் அதற்குப் பின் தாண்டினால், அந்தப் புதிய சாதனையைத் தனித்துக் காட்டும் அடையாளம் வேண்டும் என பேஸ்பால் ஆணையர் ஃபோர்டு ஃபிரிக் ஜூலையில் அறிவித்தார். (ரூத்தின் பெயரில் முன்பு கட்டுரைகள் எழுதிக் கொடுத்தவரே இந்த ஃபிரிக் என்பதையும் மறந்துவிடலாகாது.) நட்சத்திரக் குறி என்ற சொல்லைக் கிளப்பியவர் செய்தியாளர் டிக் யங்.

பருவத்தின் கடைசி நாளான அக்டோபர் 1 அன்று, பாஸ்டன் பந்துவீச்சாளர் டிரேசி ஸ்டாலர்டின் பந்தில் 61ஆவது ஹோம் ரன் பிறந்தபோது, யாங்கி மைதானத்தில் இருந்தவர்கள் 23,154 பேர் மட்டுமே. அதன்பின் பதிவேடுகளில் ரூத், மாரிஸ் ஆகிய இருவரின் சாதனைகளும் தனித்தனி வரிகளில் அச்சாயின. குறி எதுவும் இடப்படவில்லை. அந்தப் பிரிவினையையும் 1991இல் ஆணையர் ஃபே வின்சென்ட் தலைமையிலான குழு நீக்கியது. மாரிஸ் 1985இலேயே காலமாகியிருந்தார்.