ஜெஸ்ஸி மெர்வினின் பெயரில்தான் அந்தப் பள்ளி இருந்திருக்க வேண்டும்

நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றின் கிழக்குப் பக்கம், கிண்டர்ஹூக் என்றொரு பழைய டச்சு ஊர் இருக்கிறது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளுக்கு இக்கபாட் கிரேன் என்ற பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1820-இல் வெளியிட்ட ‘ஸ்லீப்பி ஹாலோ’ கதையில் வரும் வாத்தியார்தான் இந்த இக்கபாட் கிரேன். பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு ‘ரைடர்ஸ்’ என்று பெயர். கதையில் அந்த வாத்தியாரை நள்ளிரவில் விரட்டியடிக்கும் தலையற்ற குதிரைவீரனின் நினைவாக வைத்த பெயர் அது. வாத்தியார் பெயரில் பள்ளி, அவரைத் துரத்தியவனின் பெயரில் அணி. உண்மையில் அந்த ஊரில் பாடம் நடத்தி, கதையின் வாத்தியாருக்கு மூலமாகவும் இருந்த மனிதரின் பெயரை இரண்டுக்கும் வைக்கவில்லை. எனக்கு இதில் கடுமையான ஆட்சேபம் உண்டு.

அந்த மனிதர் ஜெஸ்ஸி மெர்வின். 1809-இல் அவர் கிண்டர்ஹூக்கில் பள்ளி ஆசிரியர். அதே ஆண்டு ஏப்ரலில் இர்விங் மணக்கவிருந்த மட்டில்டா ஹாஃப்மன் காசநோயால் இறந்துபோனார். அவருக்கு வயது 17. துக்கம் தாளாமல் ஊரைவிட்டு வந்த இர்விங், கிண்டர்ஹூக்கில் நண்பர் வில்லியம் வான் நெஸ்ஸின் வீட்டில் தங்கினார். காலை நேரத்தில் நியூயார்க்கின் வரலாற்றைக் கேலியாகச் சொல்லும் தன் புத்தகத்தை எழுதி முடிக்கும் வேலை. அதற்குப் பிறகு பேசிக்கொண்டிருக்கவும் மீன் பிடிக்கப் போகவும் அவருக்குத் துணையாக இருந்தவர்களில் ஒருவர் மெர்வின். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. துக்க காலத்தில் கிடைத்த நண்பர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இப்போது கதையின் வாத்தியாரைப் பாருங்கள். நெட்டையான, ஒல்லியான உடம்பு; சட்டைக் கையை விட்டு வெகுதூரம் தொங்கும் கைகள்; மண்வெட்டி போன்ற பாதங்கள்; பெரிய காதுகள்; கண்ணாடி போன்ற பச்சைக் கண்கள். சோளக்கொல்லைப் பொம்மை தப்பித்து ஓடிவந்தது போல இருப்பான் என்கிறார் இர்விங். பேய்க்கதைகளை அப்படியே நம்புவான். பணக்கார விவசாயி மகள் கத்ரீனாவின் மீது அவனுக்கு ஆசை. ஆனால் அவளைவிட அவள் அப்பாவின் பன்றிகளையும் வாத்துகளையும் பார்த்துத்தான் அவனுக்கு அதிகம் நாவூறும். உலகம் இரண்டு நூற்றாண்டுகளாக இவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

இர்விங்கின் நடை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த விருந்து மேசையின் வர்ணனையை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தால் மனம் கசக்கிறது. பள்ளியின் வருமானம் வாத்தியாரின் அன்றாட ரொட்டிக்குக்கூடப் போதாது என்று கதையே சொல்கிறது. அதனால் மாணவர்களின் வீடுகளில் வாரத்துக்கு ஒரு வீடாகத் தங்க வேண்டும். மொத்த உடைமையையும் ஒரு பருத்திக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வீடு மாற வேண்டும். உண்ட சோற்றுக்கு வைக்கோல் அள்ளவும் வேலி சரிசெய்யவும் தொட்டில் ஆட்டவும் வேண்டும். இர்விங் கற்பனையில் வரவழைத்த விஷயங்கள் அல்ல இவை. அன்றைய அமெரிக்கக் கிராமப் பள்ளி ஆசிரியர்கள் பலர் உண்மையிலேயே இப்படித்தான் வாழ்ந்தார்கள். அவன் பெருந்தீனிக்காரன் என்று எழுதிவிட்டால் ஊர் கொடுத்த சம்பளத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கடைசியில் அவன் காணாமல் போனபோது ஊர் ஏன் கவலைப்படவில்லை தெரியுமா? அவனுக்கு மனைவி இல்லை, யாரிடமும் கடனும் இல்லை. கதையில் என்னை மிகவும் வதைக்கும் இடம் இதுதான்.

அடுத்தவர் வீட்டு மேசையில் உண்டு வாழ்ந்தவர் யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1809-இல் வான் நெஸ் வீட்டின் விருந்தாளி இர்விங்தான். 1818-இல் லிவர்பூலில் குடும்ப வணிகம் திவாலானது. அந்தக் காலத்தில் அவர் பர்மிங்ஹாமில் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். கையில் பணம் இல்லை, தொழில் இல்லை, மனைவி இல்லை. பேனா மட்டும் இருந்தது. அந்த நெருக்கடியில் எழுதிய தொகுப்பில்தான் இக்கபாட் வருகிறான். விருந்தாளியாகவே வாழும் ஒருவனின் பசியும் கூச்சமும் ஆசையும் எழுதியவருக்குத் தன் வாழ்க்கையிலிருந்தே தெரிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பசிக்கு முகம் மட்டும் ஒரு வாத்தியாருடையது.

பெயருக்கும் உண்மையில் ஓர் ஆள் இருந்தார். இக்கபாட் கிரேன் என்ற ராணுவ அதிகாரி அக்காலத்தில் வாழ்ந்தவர். 1814-இல் சாக்கெட்ஸ் ஹார்பரில் இர்விங் அந்தப் பெயரைக் கேட்டிருக்கலாம் என்பார்கள். கதை நடக்கும் டாரிடவுன் வட்டாரத்தில் வேறொருவரை மூலம் என்று காட்டுவோரும் உண்டு. ஆனால் மெர்வினுக்குச் சாட்சி பலமானது. கிண்டர்ஹூக்கில் பிறந்து அமெரிக்காவின் எட்டாவது அதிபரான மார்ட்டின் வான் பியூரன், பிற்காலத்தில் அதே வான் நெஸ் வீட்டை வாங்கிக் குடியிருந்தவர். மெர்வின்தான் இக்கபாடின் மூலம் என்று 1846-இல் அவரே எழுதிக் கொடுத்தார். 1851-இல் மெர்வினிடமிருந்து வந்த கடிதத்தின் மேல் ‘இக்கபாட் கிரேனின் மூலமான ஜெஸ்ஸி மெர்வினிடமிருந்து’ என்ற பொருளில் இர்விங் தம் கையாலேயே குறித்து வைத்தார்.

அந்தக் கடிதத்துக்கு இர்விங் எழுதிய பதில் நமக்குக் கிடைத்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் பாசம் குறையாத பதில். பழைய பள்ளிக்கூடத்தை நினைவுகூர்கிறார். காலை எழுத்துவேலை முடிந்ததும் பள்ளி விடும்வரை அங்கே வந்து காத்திருப்பாராம். முரட்டு டச்சுப் பையன் எவனுக்காவது தர வேண்டிய தண்டனையை, இர்விங் வந்து வேடிக்கை பார்க்கும்வரை தள்ளிவைப்பதாக மெர்வின் வாக்குக் கொடுப்பாராம். ஆனால் ஒருபோதும் அந்த வாக்கைக் காப்பாற்றியதில்லையாம்.

இர்விங் இதை விளையாட்டாக எழுதுகிறார். எனக்கு மெர்வின் கண்முன் தெரிவது இந்த இடத்தில்தான். கதையின் இக்கபாட், நடுங்கும் சிறுவனை விட்டுவிட்டு அவனுக்கும் சேர்த்து முரட்டு டச்சுப் பையனை விளாசுவான். நிஜ ஆசிரியர் பட்டணத்து நண்பரின் பொழுதுபோக்குக்காக எந்த மாணவனையும் காட்சிப்பொருள் ஆக்கவில்லை. பிரம்பை எடுத்தாரா, எடுக்கவே இல்லையா என்பதை அந்தக் கடிதம் சொல்லவில்லை. அவையோர் முன்னிலையில் எடுக்கவில்லை, எனக்கு அது போதும். அவர் ஊரை விட்டு ஓடிப் போகவும் இல்லை. உள்ளூர் டச்சுக் குடும்பம் ஒன்றில் பெண் எடுத்து அங்கேயே வாழ்ந்தார். தன்னை மூலமாகக் கொண்ட கேலிச்சித்திரம் புகழ்பெற்ற பிறகும் நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1852-இல் இறந்தார்.

வடக்கு டாரிடவுன் என்ற ஊர் 1996-இல் ஸ்லீப்பி ஹாலோ என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டது. கதையைப் பார்க்க வருபவர்களால் ஊருக்கு வருமானம் வருகிறது, அதில் தவறில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேறு அளவுகோல் வேண்டும். அங்கே தினமும் வகுப்புக்கு வரும் ஆசிரியர்களின் சம்பளச் சீட்டில் ஊர் விரட்டியடித்த ஒரு கோமாளி வாத்தியாரின் பெயர் இருக்கிறது. கிண்டர்ஹூக்கில் அருங்காட்சியகமாகக் காக்கும் பழைய ஓரறைப் பள்ளிக்கும் அதே பெயர்தான். குறைந்தது அதன் பலகையிலாவது மெர்வினின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதலாம். கதையைப் பாடமாக வைக்கும் வகுப்பில் 1851-இன் அந்தக் கடிதத்தையும் கையில் கொடுக்கலாம். அடி விழுவதைப் பார்க்கக் காத்திருந்தவர் யார், கொடுத்த வாக்கை வேண்டுமென்றே தவறவிட்டவர் யார் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் பேசட்டும்.